எட்டுக்கு மேல் ஒன்று

ஜூன் 3, திங்கள்

நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், நான் இன்னிக்கு வந்திருக்கேனுங்களா?"

வருகைப் பதிவு முடித்து, வராதவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு, எண்ணிக்கையைக் கரும்பலகை மூலையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னலோர பெஞ்சிலிருந்து எழுந்து நின்று இதைக் கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். குழந்தைகள் எப்படியெல்லாம் கேள்வி கேட்பார்கள் என்பதற்கு உதாரணமாக இதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். பணி நிறைவு விழாவில் சொன்னபோது தலைமை ஆசிரியருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. அந்தப் பெண்ணின் பெயர் வசந்தாவோ வாசுகியோ.

இன்று வளர்ந்த பெண் ஒருத்தி அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தைக் கேட்டாள். எதிர்வீட்டுத் துளசிமணி. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் பல வருடம் நின்றவள், இப்போது வீட்டு முன்கூடத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் விட்டுப்போய், ஷிப்ட் முடிந்து வந்து எடுத்துப் போவார்கள். அவளுக்குக் கொடுத்திருக்கும் பதிவில் எட்டுக் குழந்தைகள் என்றிருக்கிறது. அதைப் பன்னிரண்டாக உயர்த்தச் சொல்லி அரசாங்க ஆபீசில் மனுப் போட்டிருக்கிறாளாம்.

"எட்டுப் பேரைப் பாத்துக்கறவளுக்குப் பன்னெண்டு பேரைப் பாத்துக்க முடியாதுங்களா டீச்சர்?"

"அது என்ன பன்னெண்டு?"

"ஒரு டஜனுங்க. கணக்கு நேரா நிக்குமுங்க."

நான் கோபப்படவில்லை. புரியாதவர்களுக்கு உதாரணம் சொல்வதே என் வழக்கம். "துளசி, எட்டு இட்லி வேகற தட்டுல பன்னெண்டு இட்லிக்கு மாவு ஊத்தினா என்ன ஆகும்?"

"வழிஞ்சு போயிருமுங்க."

"அப்போ என்ன பண்ணணும்?"

"பெரிய தட்டா வாங்கோணுமுங்க. அதுக்குத்தானுங்க டீச்சர் பர்மிஷன் கேக்கறேன்."

உதாரணம் எல்லோருக்கும் பயன்படாது.

ஜூன் 4, செவ்வாய்

ஜன்னலில் நின்று எண்ணினேன். மனு நிலுவையில் இருக்கும்போதே பதினொரு குழந்தைகள் இருக்கின்றன. அனுமதி கேட்கும் முன்பே செய்துவிடுவது, பிறகு செய்யவில்லை என்று காட்டுவது, பிறகு செய்யலாமா என்று பணிவாகக் கேட்பது. நம் ஊரில் இதற்குத் திறமை என்று பெயர்.

ஜூன் 7, வெள்ளி

நேரில் பார்க்காமல் யாரையும் குறை சொல்லக் கூடாது என்பதால் துளசியின் வீட்டுக்குப் போனேன். எங்கள் காம்பவுண்டில் வீடுகள் எதிரெதிரே இரண்டு வரிசை. நடுவில் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலை மரம். கடந்தால் துளசியின் வீடு.

கூடத்தில் நான் கண்ட காட்சியை எப்படிச் சொல்வது? ஒவ்வொரு குழந்தையின் மணிக்கட்டிலும் பனியன் துணி வேஸ்டில் கிழித்த நாடா கட்டியிருந்தது. எட்டுப் பேருக்கு மஞ்சள். மூன்று பேருக்கு நீலம்.

"இது என்ன, கோயில் கயிறா?"

"இல்லீங்க டீச்சர். மஞ்சள் ரிஜிஸ்டர்ல இருக்கறது. நீலம் எக்ஸ்ட்ரா. திடீர்னு ஆபீசுல இருந்து வந்துட்டாங்கன்னு வைங்க, நீலத்தை மட்டும் டக்குனு தூக்கிக்கலாமுங்க. கம்பெனியில ஆர்டர் பீஸு, எக்ஸ்ட்ரா பீஸுன்னு இப்புடித்தானுங்க பிரிச்சு வெப்போம்."

இதைப் பெருமையாகச் சொன்னாள்! பீஸ்! நான் அறுபத்திரண்டு பேரை ஒரே வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவள். ஒருவர் கையிலும் நாடா கட்டியதில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே, எந்த பெஞ்சில் எவன் எவன் காதைத் திருகுகிறான் என்று சொல்வேன். டீச்சருக்கு முதுகிலும் கண் என்பார்கள்.

துளசிக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். "கண்ணை மூடு. யார் யார் எங்கே இருக்காங்க, பேரோட சொல்லு."

மூடினாள். "கதவுகிட்ட மிதுனு, அவன் சட்டையப் புடிச்சு இழுத்துட்டு யாழினி. பீரோவுக்கு முன்னாடி ரெட்டைங்க ரெண்டும்..." என்று ஆரம்பித்து எட்டுப் பேர் வரை தடையில்லாமல் சொன்னாள். ஒன்பதாவதில் நின்றாள். பத்தாவதைச் சமையலறையில் இருப்பதாகச் சொன்னாள். அது அவள் காலடியிலேயே உட்கார்ந்து அவள் சேலை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? எட்டுதான் உன் எல்லை. அரசாங்கம் சும்மா போடல அந்த எண்ணை."

"சரி, நீங்க சொல்லுங்க டீச்சர் பாப்போம். கண்ண மூடுங்க."

நான் ஏன் மூட வேண்டும்? பரீட்சை எல்லாம் எழுதி முடித்து ஓய்வும் பெற்றாயிற்று.

ஜூன் 10, திங்கள்

ரேஷன் கடை. பருப்பு வரவில்லை.

திரும்பும்போது வாசலில் ஒரு வடநாட்டுப் பெண் நின்றிருந்தாள். பெயர் சஸ்மிதாவாம், ஒடிசா பக்கம், தையல் பிரிவில் வேலை. துளசி அனுப்பியிருக்கிறாள். என் சிபாரிசு இருந்தால் ஆபீசில் மனு நகரும் என்று யாரோ சொன்னார்களாம். ஆளை வைத்து ஆளை மடக்கும் வேலை.

"டீச்சர் அம்மா, பாப்பா நல்ல பாப்பா. சத்தம் இல்ல. அழுகை இல்ல. சாப்பாடு கொஞ்சம். இடம் கொஞ்சம்."

அவள் இடுப்பில் இருந்தது அந்த மூன்று நீல நாடாவில் ஒன்று. இரண்டரை வயதிருக்கும். தமிழ் வராது, ஒடியாவிலும் பேச்சுக் குறைவு என்றாள். பெயரைச் சொன்னாள். வாயில் நுழையாத ஏதோ ஒன்று. நீலத்தில் மற்ற இரண்டு பேரை, மிதுனையும் யாழினியையும், தெரியும்; இதை மூன்றாவது என்று வைத்துக்கொள்கிறேன்.

"இடம் இல்லேன்னா என்ன பண்ணுவ?"

"ஊருக்கு அனுப்பணும். எங்க ஆளு ஒருத்தர் மாசக் கடைசி போறார். ரயில்ல. அவர்கூட."

"நீ?"

"நான் இங்க. வேலை." பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "ஊர்ல எங்க அம்மா இருக்கு. ஆனா பாப்பா அவங்கள பாத்ததில்ல."

உருக்கமாகச் சொன்னால் விதி மாறிவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்தக் குழந்தை என் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அமைதியான குழந்தைகளை எனக்குப் பிடிக்கும். அவர்களால் வகுப்புக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

ஜூன் 12, புதன்

வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து பார்வையிட வருகிறார்களாம். துளசி ஓடிவந்தாள்.

"நீலம் மூணையும் உங்க வூட்டுல வெச்சுக்கோங்க டீச்சர். ஒரு ரெண்டு மணி நேரம். எட்டுக்கு மேல இருக்குதுன்னு தெரிஞ்சா மனுவக் கிழிச்சுப் போட்டுருவாங்க."

"என்னைத் திருட்டுப் பொருள் பதுக்கச் சொல்றியா?"

"கொழந்தைங்களுங்க டீச்சர்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பிறகு யோசித்துச் சம்மதித்தேன். துளசிக்காக அல்ல. நான் மறுத்தால் அவள் அந்த மூன்று பேரையும் மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் நிழலில் உட்கார வைப்பாள். அவள் அதற்கும் துணிந்தவள். தவிர, குழந்தைகளை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் ஒருமுறையாவது பார்க்கட்டும். மூன்று பேர்! அறுபத்திரண்டு எங்கே, மூன்று எங்கே.

ஜூன் 13, வியாழன்

கடைவீதியில் வண்ணச் சாக்பீஸ், ஸ்டாம்ப் மை, வெண்டைக்காய் வாங்கினேன். துளசி வீட்டில் டிவியைப் போட்டுவிட்டுக் குழந்தைகளை அதன் முன் கொட்டி வைக்கிறாள். என் வீட்டில் பாடம் நடக்கும்.

ஜூன் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை.

பத்து மணிக்குத் துளசி மூன்றையும் என் வீட்டில் விட்டாள். நீல நாடாக்கள் கையிலேயே இருந்தன. அவற்றை அவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பிரித்து வைக்கத் தெரிந்தவளுக்கு மறைக்கத் தெரியவில்லை.

காய்கறிகளைப் பாயில் பரப்பினேன். "இது என்ன?" என்றால் மிதுன், "கத்திரிக்கா!" என்று கூரை பறக்கக் கத்துவான். "இல்ல, அது கத்திரிக்காய்" என்று யாழினி திருத்துவாள். நாலு வயதில் அப்படி ஒரு வாய். நல்ல வகுப்பு. கேள்வி கேட்டால் பதில் வருகிறது. அந்தப் பதிலைப் பிடித்து அடுத்த கேள்வி. இத்தனை வருடம் கழித்து என் குரல் பழைய குரலாக இருந்தது. மூன்றாவது சுவரோரம் உட்கார்ந்திருந்தது. சத்தமில்லை.

பிறகு வெண்டைக்காயின் அடிப்பக்கத்தை நறுக்கி, மையில் தொட்டு, காகிதத்தில் அழுத்தினால் பூ விழும் என்று காட்டினேன். பூ விழுந்ததும் இரண்டும் கை தட்டின.

"டீச்சர், எனக்கு ஒண்ணு" என்றான் மிதுன். அடித்துக் கொடுத்தேன். யாழினிக்கு ஒன்று. மூன்றாவது பூவை அழுத்தி, அதைக் கொடுக்க நிமிர்ந்தேன்.

சுவரோரம் யாரும் இல்லை.

வாசல் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதைச் சாத்தாதது யார் என்று இப்போது ஆராய வேண்டியதில்லை. குழந்தைகளை விட்டுவிட்டுப் போன துளசி கதவைச் சரியாகச் சாத்தும் வழக்கம் உள்ளவள் அல்ல. நடுவில் நான் கறிவேப்பிலை பறிக்க வெளியே போய் வந்தேன், அது வேறு விஷயம்.

கூப்பிட வாயைத் திறந்தேன். "பாப்பா" என்றேன். காம்பவுண்டில் எல்லாக் குழந்தையும் பாப்பாதான். கட்டிலடி, குளியலறை, பின்பக்கம் துணி துவைக்கும் கல். "பாப்பா, பாப்பா" என்று என் குரல் எனக்கே பிடிக்காத குரலாக இருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி மூடித்தான் இருந்தது. ஆனாலும் தூக்கினேன். அதைத் தூக்க வழக்கமாக வாட்ச்மேன் வருவார். உள்ளே தண்ணீர் கறுப்பாக இருந்தது. என் முகம் தெரிந்தது. வேறொன்றும் இல்லை. இன்னொரு முறை பார்த்தேன்.

மிதுனும் யாழினியும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அப்படியே துளசி வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே ஆபீசர் இருப்பது ஞாபகத்தில் இல்லை.

கூடத்தில் குழந்தைகளைத் தூங்க வைத்திருந்தார்கள். ஒரே வரிசையில் எட்டுப் பாய். வரிசையின் கடைசியில், சுருட்டி வைத்திருந்த தன் பூப்போட்ட போர்வையைத் தானே இழுத்து விரித்து, கட்டை விரலை வாயில் போட்டுக்கொண்டு, மூன்றாவது தூங்கிக்கொண்டிருந்தது. அது தூங்கும் நேரம். அது தூங்கும் இடம். அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

ஆபீசர், சுபத்ரா மேடம் என்றார்கள், முப்பது வயதுகூட இருக்காது, பேனா முனையால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எட்டுதானே இருந்தது? இப்ப ஒம்பது இருக்கு."

துளசி என்னைப் பார்த்தாள். "அது... அது எதுத்த வூட்டுப் புள்ளைங்க மேடம். அப்பப்ப இங்க வந்து படுத்துக்குமுங்க."

"எந்த வீடு?"

"என் வீடுதான்" என்றேன். "என் பேத்தி."

முப்பத்து நாலு வருட சேவையில் நான் பொய் சொன்னதில்லை. இது பொய் அல்ல. அவசரம்.

"அப்படிங்களாம்மா? பேத்தி பேரு என்ன?"

துளசியின் உதடு அசைந்தது. எனக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது. ஆபீசர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைகளை நிற்க வைத்துக் காத்திருப்பேன், அதேபோல.

"அது லிப்சா" என்றாள் யாழினி, என் சேலைக்குள்ளிருந்து. "அது பேசாது. ஆனா நல்லா வெளாடும். டீச்சருக்குப் பேரு தெரியாது, பாப்பான்னுதான் கூப்புடுவாங்க."

ஆபீசர் குனிந்து தூங்குகிற குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறகு யாழினியின் கையை. பிறகு மிதுனின் கையை.

"மூணு பேருக்கும் நீலம். மத்தவங்களுக்கு மஞ்சள். இவங்க ரெண்டு பேரும் உங்க பேரப் பிள்ளைங்கதானாம்மா?"

துளசி அழ ஆரம்பித்தாள். சத்தமாக அழுதால் தூங்குகிற குழந்தைகள் எழுந்துவிடுவார்கள் என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்திலும் அந்த நினைப்பு அவளுக்கு இருந்தது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

போகும்போது ஆபீசர் என்னிடம் கேட்டாள்: "டீச்சரா இருந்தீங்கன்னு சொன்னாங்க. கிளாஸ்ல எத்தனை பேர் இருப்பாங்க?"

"அறுபத்திரண்டு."

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை.

ஜூன் 15, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 18, செவ்வாய்

மனு தள்ளுபடி. எட்டுக்கு மேல் ஒரு குழந்தை இருந்தாலும் காப்பகத்தையே மூடிவிடுவோம் என்று எச்சரிக்கை. மிதுனை அவன் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். யாழினியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அந்த ஆசிரியையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மூன்றாவதற்கு மாசக் கடைசியில் ரயில்.

துளசி என்னோடு பேசுவதில்லை. தொட்டிப் பக்கம் எதிரில் வந்தால் குடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறாள். தவறு செய்தவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

சமையலறையில் நின்று கண்ணை மூடிக்கொண்டு எந்த டப்பா எங்கே என்று சொல்லிப் பார்த்தேன். மிளகு, சீரகம், வெந்தயம், பெருங்காயம். எல்லாம் சரி. என் நினைவுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் டப்பாக்கள் நடப்பதில்லை.

ஜூன் 22, சனி

சஸ்மிதா மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பகம் காப்பகமாக அலைகிறாளாம். எல்லா இடத்திலும் நிரம்பிவிட்டது. இன்னும் இரண்டு நாள் போகாவிட்டால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று வாசலில் நின்று சொன்னாள். என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

"ரயில் ஏத்தற வரைக்கும் இங்கேயே கிடக்கட்டும், விட்டுட்டுப் போ" என்றேன். இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தொடங்கிய ஒன்றைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது.

ஜூன் 24, திங்கள்

கதவுக்குத் தாழ்ப்பாள். பிறகு ஒரு நாற்காலி.

மூன்றாவது காலை முழுவதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டையே பார்த்தது. அங்கே ரெட்டைகள் டிவி முன்னால் குதித்துக்கொண்டிருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். 'ஜன்னலில் இருக்கிறது' என்று மனதுக்குள் சொன்னேன். கண்ணைத் திறந்தேன். என் முட்டிக்குப் பக்கத்தில் நின்று, என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்த சத்தமே கேட்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

இது தண்ணீர் வேண்டும் என்றால் கேட்காது. டம்ளரின் பக்கத்தில் போய் நிற்கும். பால்சோறு பிடிக்காது, தட்டை மெதுவாக, யாருக்கும் தெரியாமல், ஓர் அங்குலம் தள்ளி வைக்கும். தூக்கம் வந்தால் வலது காதைப் பிடித்துக்கொள்ளும். பயந்தால் அழாது, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும். துளசியிடம் இதெல்லாம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

கண்ணை மூடினேன். இந்த முறை காத்திருந்தேன். மாவு டப்பா மூடி உருண்ட சத்தம். "சமையலறை" என்றேன். சரி.

ஜூன் 26, புதன்

துளசி வீட்டுக்கு நானே போனேன். அவள் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆபீசுக்குப் போகணும். கிளம்பு."

"எதுக்குங்க? அசிங்கப்பட்டது பத்தலீங்களா?"

"பத்தல. கிளம்பு."

ஜூன் 27, வியாழன்

அந்த ஆபீசைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம். படிக்கத்தான் ஆள் இருக்காது. நாற்காலிகள் எல்லாவற்றிலும் ஃபைல்கள் உட்கார்ந்திருந்தன, மனிதர்கள் நின்றுகொண்டிருந்தோம். சுபத்ரா மேடம் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். என்னைப் பார்த்ததும், "பேத்தி நல்லா இருக்காளாம்மா?" என்றாள். எகத்தாளம்.

"நல்லா இருக்கா. பேரு லிப்சா. வலது காதைப் பிடிச்சிட்டுத் தூங்குவா" என்றேன்.

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கூட இன்னொரு ஆள் முழு நேரம் இருந்தால் எண்ணிக்கையை உயர்த்துவதைப் பரிசீலிக்கலாம் என்றாள். "பேருக்கு ஆள் காட்டக் கூடாது. நான் சொல்லாம கொள்ளாம வருவேன்."

"வா. நான்தான் அந்த ஆள்" என்றேன். வயதில் சின்னவள்; 'வா' என்றால் குறைந்துவிடமாட்டாள்.

"சரி. எத்தனை பேருக்குக் கேக்கறீங்க?"

துளசிக்கு உயிர் திரும்பியது. "பன்னெண்டுங்க மேடம், ஒரு டஜ—"

"ஒன்பது" என்றேன்.

"டீச்சர்!"

"சும்மா இரு."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒண்ணே ஒண்ணுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஆள் ஒருத்தர் கூடினா நாலஞ்சு பேர் கேக்கலாமே. அறுபத்திரண்டு பேரைப் பாத்தவங்க வேற நீங்க."

"கணக்குப் போட்டுட்டுத்தான் வந்தேன். துளசிக்கு எட்டு. எனக்கு ஒண்ணு."

வெளியே வந்ததும் துளசி பஸ் ஸ்டாண்டு வரை புலம்பினாள். "ஒம்பதுன்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களாங்க? ஒம்பது என்ன கணக்குங்க? டஜனுமில்ல, அரை டஜனுமில்ல." பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தாள். பேசாமல் இருந்த நாட்கள் அதோடு முடிந்தன போலிருக்கிறது.

ஜூன் 30, ஞாயிறு

அனுமதி வரவில்லை. சஸ்மிதாவின் ஊர்க்காரர் இன்று சாயங்காலம் ரயில் ஏறினார். தனியாக.

குழந்தையை அனுப்ப வேண்டாம் என்று சொன்னது நானா துளசியா என்று காம்பவுண்டில் பேச்சு. இரண்டு பேருமே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம் என்று சஸ்மிதா சொல்லித்தான் தெரிந்தது.

ஜூலை 5, வெள்ளி

ஒன்பது. வந்துவிட்டது.

துளசி புது நாடா கிழித்தாள். ஒன்பதும் மஞ்சள். "எனக்கும் ஒண்ணு கட்டறியா?" என்று எகத்தாளமாகக் கேட்டேன். அந்த மண்டு நிஜமாகவே கட்டிவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

ஆபீசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். நான் கூடத்தில்தான் இருந்தேன். பேனா முனையால் தலைகளை எண்ணினாள், போனாள். ஒரு பெயரும் கேட்கவில்லை. இவர்கள் இப்படித்தான். எண்ணத் தெரிந்துவிட்டால் பார்த்துவிட்டதாக நினைப்பு.

அவள் போன பிறகு லிப்சா என் கண்ணாடியைக் கழற்றி, தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். ஒடியாவா தமிழா தெரியவில்லை. துளசியைக் கேட்டேன். "'நான் எங்கே'ன்னு கேக்குதுங்க. கண்ணாடி போட்டுட்டா நம்ம கண்ணுக்கு அது தெரியாதுன்னு நெனப்பு" என்றாள். "இங்கே" என்று சொல்லி மூக்கைத் தொட்டேன். திரும்பக் கேட்டாள். திரும்பச் சொன்னேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை.

இரண்டு வாரமாக ஒன்று யோசிக்கிறேன். ஜன்னலோர பெஞ்சுப் பெண். பச்சை ரிப்பன். பல் ஒன்று விழுந்திருந்தது. வசந்தா இல்லை, வாசுகியும் இல்லை. அந்த வகுப்பில் வசந்தா முன்வரிசை, வாசுகி லீடர். இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பெண்ணின் பெயர் வரவில்லை. வயதாகிறது, அவ்வளவுதான். அந்தக் கதையை இனிமேல் எங்கும் சொல்வதாக இல்லை. எல்லோரும் கேட்டுச் சலித்த கதை.

இந்த நோட்டு யார் கைக்காவது போனால் அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். கடினமானது அல்ல. குழந்தைகள் இருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பெயரோடு சொல்லுங்கள். தடுமாறுகிற இடத்தில் நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, முதலில் அந்தக் குழந்தையைப் போய்ப் பாருங்கள்.